பர்மாவில் நின்றுபோன கணக்கு



வெளிநாடு செல்லப் புறப்படும் இளைஞர்கள் என்னிடம் இரண்டு ஐயங்களைக் கேட்பதுண்டு. அங்கே எத்தனை ஆண்டு தங்க அனுமதி கிடைக்கும் என்பது ஒன்று. ஈட்டும் பணத்தைத் தடையின்றி ஊருக்கு அனுப்பலாமா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு பாதிகள் என்பதைப் பர்மாவுக்குச் சென்ற தமிழர் வரலாறு நன்கு விளக்குகிறது. ஆகவே இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

1852-ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐராவதிக் கழிமுகத்து அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி பெருகிற்று. காட்டை வெட்டி வயலாக்கப் பணம் வேண்டும். ஆங்கிலேய பாங்குகளோ பர்மியக் குடியானவனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவனுக்குக் கடன் கொடுக்க முன்வந்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்களே. 1929–30-இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண பாங்கிங் குழு, அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது.

அக்கடைகளின் நடைமுறை சுவையானது. பெட்டியடிப் பையனாகச் சேர்கிற சிறுவன் அடுத்தாளாகிப் பின்னர் முதலாளியின் ஏஜெண்டாக உயர்வான். மூன்றாண்டு ஒரு கணக்கு. அது முடிந்ததும் பேரேட்டை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவான். அடுத்தவன் வந்து அமர்வான். பணம் உண்டியல் சீட்டாகக் கடலைத் தாண்டும். பர்மா அன்று இந்தியாவின் ஒரு மாகாணமாகையால் பாஸ்போர்ட்டு வேண்டியதில்லை; நாணயம் மாற்றவும் வேண்டியதில்லை. தாம் அயல்நாட்டில் இருக்கிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு எப்படி எழும்?

1930-ஐ ஒட்டிய உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவனால் திருப்ப முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடைக்காரனிடம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-இல் அது 25 ஆயிற்று. வட்டிக்காரர் பலர் அந்நிலத்தை விரும்பி எடுக்கவில்லை. ரொக்கமே அவர்களுக்குத் தேவை. ஆயினும் தந்தை திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நிற்க நேர்ந்த பர்மியன் அந்த நுட்பத்தையா ஆராய்வான்? அவன் கொண்ட வெறுப்பில் நியாயமே இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

1937 ஏப்ரல் 1-இல் பர்மா தனியாகப் பிரிந்தது. எனினும் நம் ரிசர்வ் பாங்கே அங்கும் மத்திய பாங்காகப் பணிபுரிந்து வந்ததால், நாடு இரண்டான பின்னும் பணம் பழைய வழியிலேயே ஓடியது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூனில் குண்டு வீசினர். லட்சக்கணக்கான இந்தியர் அரக்கான், மணிப்பூர் மலைவழிகளில் நடந்தே தாயகம் திரும்பினர். வழியில் மாண்டவர் பலர்.

போர் முடிந்து திரும்ப எண்ணியவர்களை 1947-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் எதிர்கொண்டது. அனுமதிச் சீட்டோ விசாவோ இன்றி நுழையலாகாது. புதிய அரசியல் சட்டம் குடியுரிமைக்கும் வழி திறந்து வைத்தது. அதற்கு, குறித்த நாளுக்கு முந்திய பத்தாண்டில் எட்டாண்டேனும் பர்மாவில் வசித்திருக்க வேண்டும். இங்கே சற்று நிதானித்துப் பாருங்கள். மூன்றாண்டுக்கொரு முறை ஊர் திரும்புவதே முறையென வாழ்ந்தவன் அந்த எட்டாண்டை எப்படிக் கூட்டிக் காட்டுவான்? கடைக்கு உறுதி தந்த அந்த ஏற்பாடே அவனை அயலானாக்கிற்று. பலருக்குக் குடியுரிமை கேட்கும் விருப்பமும் இல்லை என்பது வேறு. 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. அயல்நாட்டுக்குப் பணம் அனுப்ப அரசின் இசைவு வேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்தது.

1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963 பிப்ரவரியில் பாங்குகளும், 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே 17-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. செல்வர்களை விட இதில் நொந்தவர்கள் சிறு கடைக்காரரும் கூலியாட்களுமே எனக் கருதுகிறேன். பாங்கை நம்பாமல் வீட்டிலே நோட்டாகச் சேர்த்து வைத்தவர்கள் அவர்கள்தாம். அங்கே தங்கினால் பிழைப்பில்லை. புறப்பட்டாலோ சேமிப்பைக் கொண்டுவர வழியில்லை. கப்பலேறும்முன் கழுத்திலிருந்த நகையையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்ன மூதாட்டி ஒருவரை நான் அறிவேன். அதைச் சொல்கையில் அவர் அழவில்லை. எடையை மட்டும் சரியாகச் சொன்னார்.

அவ்வாறு வந்தவர்களுக்காகச் சென்னைக் கடற்கரைச் சாலையோரத்தில் 1969-இல் எழுந்ததே பர்மா பஜார். வேறு சிலருக்குத் தமிழ்நாடு ஒட்டவில்லை. பிறந்த மண்ணுக்கே திரும்ப எண்ணி அவர்கள் மணிப்பூர் எல்லை வரை சென்றனர், அப்பால் விடப்படவில்லை. எல்லையிலுள்ள மோரே என்னும் ஊரிலேயே தங்கினர். அங்காள பரமேசுவரிக்கு அங்கொரு கோவில் எழுப்பினர். தமிழ், பர்மியம் இரண்டும் அறிந்த அவர்கள், எல்லைக்கு இப்புறமிருந்தே அப்புறத்தாரோடு வாணிகம் செய்யத் தொடங்கினர்.