பொதியின் பின்சென்று பிழை காணல்



யாழ்ப்பாணத் தபாற் கந்தோருக்கு வந்து சேரும் கடிதங்கள் எல்லாம் ஒரே பையில் ஊர்களுக்குச் செல்வதில்லை. நெடுந்தீவுக்கு உரியது குறிகட்டுவான் துறையை நோக்கிப் போக வேண்டும். பருத்தித்துறைக்கு உரியது வேறு வழியிற் போக வேண்டும். பிரிப்பவர் கடிதத்தைத் திறந்து படிப்பதில்லை. மேலுறையை மாத்திரமே பார்க்கிறார்.

கணினி வலையமைப்பிலும் இதுவே நிகழ்கிறது. செய்தியானது, பெரும்பாலும் 1500 பைற்றுக்கு மேற்படாத பொதிகளாகப் பகுக்கப்படுகிறது. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, நெறிமுறை, இருபுறத்து வாயில் எண்கள் ஆகிய ஐந்தும் அதன் மேலுறையில் உள்ளன. இவற்றோடு 64 தரங்களைக் குறிக்கவல்ல ஆறு பிற்றுக் குறியொன்றும் உண்டு. குரலொலிக்கு வழக்கமாக இடப்படுவது 46 என்னும் எண்.

இப்பிரிப்பு எவருக்குப் பயன் எனலாம். 2020ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, 'லேர்ன்' என்னும் கல்வி வலையமைப்பு வழியாக விரிவுரைகளைக் கட்டணமின்றிப் பெறும் வசதி இலங்கை மாணவருக்குச் செய்யப்பட்டது. எப்பொதி இலவசம், எப்பொதி கட்டணத்துக்குரியது என்பதை மேலுறை பார்த்தே பிரிக்க வேண்டியிருந்தது. அப்பிரிப்புத் தவறுமாயின் பொருளிழப்பு ஏழை மாணவனுக்கே அன்றோ?

இனி, மெய்நிகர் கணினிக்கு வருவோம். ஒரே இயந்திரத்தினுள் பல கணினிகள் இயங்குவது போலச் செய்யும் ஏற்பாடே அது. விரிவுரைச் சேவையகம் ஒன்றிலும், கோப்புகளைப் படியெடுக்கும் வேலை இன்னொன்றிலும் நடைபெறுவதாகக் கொள்வோம். குரலுக்கு முதலிடம் என்று தாய்க்கணினியில் விதி எழுதியாயிற்று. எனினும், படியெடுப்புத் தொடங்கியதும் குரல் அறுந்தறுந்து கேட்கிறது. விதியைப் பத்து முறை படித்தாலும் பிழை தென்படவில்லை. காரணம் யாது?

முதலாவது, பொதி அவ்விதியின் வாயிலுக்கே வராதிருக்கலாம். லினக்ஸிலுள்ள மெய்நிகர்ப் பாலத்தைக் கடக்கும் பொதி, தனியே ஆணையிட்டாலன்றி, 'ஐ.பி. டேபிள்ஸ்' விதிகளைச் சந்திப்பதில்லை.

இரண்டாவது, பெரிய பொதி வழியில் துண்டாக்கப்பட்டிருக்கலாம். வாயில் எண் முதல் துண்டில் மாத்திரமே இருக்கும். எஞ்சிய துண்டுகள் வாயில் எண்ணின்றி நிற்கும்.

மூன்றாவது, பொதி இன்னோர் உறையினுள் மறைந்திருக்கலாம். 'வி.எக்ஸ்.லான்' என்னும் முறையில் வெளியுறையின் பெறுநர் வாயில் எண் பொதுவாக 4789 ஆகவே இருக்கும். உள்ளுறையின் தரக்குறி வெளியுறைக்குத் தானாக வரும் என்று எண்ணலாகாது. படியெடுக்குமாறு அமைக்க வேண்டும்.

வேறொரு தோற்றமும் புதியவர்களை மயக்கும். மெய்நிகர் அட்டை பல பொதிகளை ஒரே பெருங்கட்டாகக் கையளிப்பதுண்டு. ஆதலால், கண்காணிப்புக் கருவியில் 1500ஐ மிஞ்சிய அளவும், பொருந்தாத சரிபார்ப்புத் தொகையும் தோன்றும். இவை பெரும்பாலும் பழுதல்ல. அவ்வேலையை அட்டை பின்னர் முடித்துக் கொள்ளும்.

இவற்றுட் பொல்லாதது எதுவெனில், தரம் தவறிய பொதி முறையிடுவதில்லை என்பதே. எந்த விதிக்கும் பொருந்தாதது பொது வகுப்பிற் சத்தமின்றி விழுந்துவிடும். பிழைச் செய்தி எழாது. திரை அமைதியாகவே இருக்கும். தொலைவிலுள்ள மாணவனின் செவிக்கு மாத்திரம் குறை தெரியும்.

ஆகவே, விதியைத் திரும்பத் திரும்பப் படிப்பதை விடுத்துப் பொதியின் பின்னே செல்ல வேண்டும். நாமே அறிந்த நூறு பொதிகளை அனுப்புவோம். விருந்தினர் கணினி, மெய்நிகர் அட்டை, பாலம், தர வகுப்பு, மெய்யான அட்டை என ஒவ்வொரு வாயிலிலும் எண்ணிக்கை பார்ப்போம். 'டி.சி.' என்னும் கருவி ஒவ்வொரு வகுப்பினூடும் சென்றவற்றை எண்ணி வைக்கிறது. பாலத்தில் நூறு ஏறி, குரல் வகுப்பில் ஒன்றும் ஏறவில்லையாயின், பிழை அவ்விரண்டுக்கும் இடையிலேதான். பின்னர் ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்து, மீண்டும் எண்ண வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணமாக்கியது என்று அறிய வழியில்லை.

இப்பயிற்சிக்கு விலையுயர்ந்த சாதனங்கள் வேண்டியதில்லை. ஓரளவு நினைவகமுள்ள ஒரே கணினியில், யாழ்ப்பாணத்து மாணவர் எவரும் முழு வலையமைப்பொன்றை அமைத்து இவ்வாறு எண்ணிப் பார்க்கலாம். விதி என்ன சொல்கிறது என்பது நம் எண்ணம். எண்ணிக்கை என்ன சொல்கிறது என்பதே நடந்த செய்தி. இரண்டும் வேறுபடும் இடத்தில் எண்ணிக்கையையே நம்புக.