விதியா, வலையா?

(திருநீர்மலையில் பட்டறைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



ஆயுத பூஜை வந்தால் நமது கேஸ் வெல்டிங் பட்டறைகளில் சிலிண்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நறுக்குகின்றார்கள். அந்தச் சிலிண்டரின் ரெகுலேட்டரில், நெருப்பு திரும்பி வராமல் தடுக்கும் பிளாஷ்பேக் அரெஸ்டர் என்னும் சிறு கருவி இருக்கின்றதா என்று கேட்டால், "அது எதற்கு?" என்கின்றார்கள். அது எதற்கு என்று சொல்லவே நாம் இன்று வந்திருக்கின்றோம்.

நாம் வாலிபத்தில் வேலை பார்த்த ஒரு பட்டறையில், டார்ச் முனை அடைத்துக்கொண்டதைக் கவனியாமல் ஒரு பையன் பற்ற வைத்தான். சிவப்புக் குழாய் வெடித்தது. அவனுடைய இரண்டு கைகளும் வெந்து போயின. பார்த்தவர்கள் எல்லாரும் "தலையெழுத்து" என்றார்கள். முதலாளியும் அதையே சொன்னார். அவர் சொன்னதில் ஆச்சரியமில்லை. தலையெழுத்து என்று ஒப்புக்கொண்ட பிறகு வைத்தியச் செலவை யாரிடம் கேட்பது?

உண்மையில் நடந்தது என்ன? முனை அடைத்தால், அதிக அழுத்தத்திலுள்ள ஆக்சிஜன் வெளியே போக வழியில்லாமல் அசிட்டிலின் குழாய்க்குள் புகுந்து கலந்துவிடும். பற்ற வைத்தவுடன் நெருப்பு அந்தக் கலவை வழியே சிலிண்டரை நோக்கி ஓடும். அசிட்டிலினோ, அழுத்தமும் சூடும் மிகுந்தால் காற்றே இல்லாமலும் சிதைந்து வெடிக்கக் கூடியது. இதில் எழுத்து எங்கே இருக்கின்றது? தலை எங்கே இருக்கின்றது?

தோழர்களே! இதற்குப் பரிகாரம் கண்டு இருநூறு வருஷங்களுக்கு மேலாகின்றது. இங்கிலாந்தில் பெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் 1812 இல் வாயு வெடித்து 92 பேர் மாண்டார்கள். பிறகு அந்தப் பக்கத்துப் பாதிரியார் ஒருவரே, ஜெபத்தோடு நிற்காமல், ஹம்பிரி டேவி என்னும் ரசாயன அறிஞருக்குக் கடிதம் எழுதினார். 1815 இல் டேவி, விளக்கின் சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலையை வைத்தார். சதுர அங்குலத்துக்கு 784 துவாரங்கள். வாயு உள்ளே போகும்; நெருப்பு வெளியே வராது. ஏனெனில், சிறு துவாரத்தில் நுழையும் நெருப்பின் சூட்டை உலோகம் உறிஞ்சிவிடுகின்றது. அப்புறமுள்ள வாயு பற்றிக்கொள்ளப் போதிய சூடு மிஞ்சுவதில்லை. மெழுகுவர்த்திச் சுடரின் நடுவில் நெருக்கமான கம்பி வலையைப் பிடித்துப் பாருங்கள். சுடர் வலைக்குக் கீழேயே நின்றுவிடும். அதே காலத்தில் இன்னொரு விளக்கைச் செய்த ஜார்ஜ் ஸ்டீபன்சன் பதினெட்டு வயதுக்குமேல் எழுத்துக் கற்ற சுரங்கத் தொழிலாளி. ஆகவே, இது படித்தவனுக்கே உரிய அறிவு என்று யாரும் சொல்ல முடியாது.

அரெஸ்டரிலும் அதே தத்துவந்தான். உள்ளே நுண்துளையுள்ள உலோகம் நெருப்பை அணைக்கின்றது. ஒரு வால்வு எதிர்த்து வரும் வாயுவை மறிக்கின்றது.

ஆனால் இன்னொன்றும் சொல்லவேண்டும். கருவியையும் சாமியாக்கிவிடக் கூடாது. டேவி விளக்கு வந்ததும், முன்பு அபாயமென்று விட்டுவைத்திருந்த இடங்களுக்கெல்லாம் ஆட்களை அனுப்பினார்கள். வலை துருப்பிடித்தாலும், பழுக்கக் காய்ந்தாலும் நெருப்பு தாண்டிவிடும். ஆதலால் விளக்கு வந்தும் சாவு நிற்கவில்லை. நம் நாட்டிலேயே 1965 மே மாதத்தில் தோரி நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 268 தொழிலாளர்கள் மாண்டார்கள். கருவி இருந்தால் மட்டும் போதாது. காற்றோட்டம், சோதனை, கண்காணிப்பு எல்லாம் வேண்டும்.

ஆகையால் நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இரண்டு சிலிண்டர்களின் ரெகுலேட்டரிலும் அரெஸ்டர் போடச் சொல்லுங்கள். ஒருமுறை நெருப்பு திரும்பியிருந்தால், அதைச் சோதிக்காமலோ மாற்றாமலோ வேலையைத் தொடாதீர்கள். அசிட்டிலினைச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். சிலிண்டரை நிமிர்த்தி வையுங்கள். கசிவைச் சோப்பு நுரையால் பாருங்கள், தீக்குச்சியால் பார்க்காதீர்கள்.

முதலாளி செலவென்பார். மாலைக்கும் பூசணிக்காய்க்கும் வருஷந்தோறும் செலவு செய்கின்றவர், உங்கள் கைகளுக்காக ஒருமுறை செலவு செய்யக் கூடாதா என்று கேளுங்கள். வெந்துபோன அந்தப் பையனுக்காகக் கேட்க அன்று நமக்குத் துணிவில்லை. நீங்களாவது கேட்கவேண்டுமென்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.