கடிதம் வழியே வைத்தியம்

நோயாளி ஓரூரில் இருக்கிறார். வைத்தியர் வேறோர் ஊரில் இருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை, காணப்போவதும் இல்லை. நோயாளி மேசையருகே அமர்ந்து, இறகுப் பேனாவை மையில் தோய்த்து, தம் உடலுக்கு நேர்ந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகிறார். எப்போது தலைவலி தொடங்கியது, எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை, இரவில் எத்தனை முறை விழிப்பு வந்தது, மனம் எவ்வாறு சோர்ந்தது என்பன யாவும் அத்தாளில் இடம்பெறுகின்றன. கடிதம் மடிக்கப்பட்டு, அரக்கு முத்திரை இடப்பட்டு, தபாலிற் சேர்க்கப்படுகிறது. சில நாட்களின் பின் விடை வருகிறது. அந்த விடையை நம்பி நோயாளி தம் ஊணையும் உறக்கத்தையும் உலாவலையும் திருத்தி அமைத்துக் கொள்கிறார்.

இது கற்பனைக் கதையன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலே கற்றோரும் வசதி படைத்தோரும் வைத்திய ஆலோசனை பெற்ற வழிகளுள் இதுவும் ஒன்று. அக்காலத்திற் பெரும்புகழ் பெற்ற வைத்தியர் சிலரே இருந்தனர். அவர்கள் லண்டன், பாத், எடின்பரோ, லொசான் போன்ற நகரங்களில் வாழ்ந்தனர். நாட்டுப்புறத்தில் இருந்தோர் கரடுமுரடான பாதைகளில் நோயுடம்போடு பல நாட் பயணம் செய்வது எளிதன்று. உள்ளூரிலே இரணவைத்தியரும் மருந்து கலப்போரும் இருந்தனர். அவர்தம் மருந்தாற் குணங் காணாதபோது, தொலைவில் உள்ள பேரறிஞர் ஒருவருக்குக் கடிதம் எழுதுவதே அடுத்த வழியாயிற்று. சில வேளை உள்ளூர் வைத்தியரே நோயாளியின் சார்பில் எழுதியதும் உண்டு.

நோயாளியைக் காணாமலே மருந்து கூறுவதா என இன்று நமக்கு வியப்புத் தோன்றலாம். ஆனால், அக்கால வைத்தியர் நோயாளியின் அருகே இருந்தபோதும் எவற்றைக் கொண்டு நோயை அறிந்தார் என்பதைச் சிந்தித்தால் அவ்வியப்பு ஒருவாறு நீங்கும். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், நாக்கை நோக்கினார், சிறுநீரின் நிறத்தைக் கவனித்தார். இவற்றுக்கு மேலாக அவர் நம்பியது நோயாளி வாயாற் கூறிய வரலாற்றையே. நெஞ்சொலி கேட்கும் கருவி இல்லை; உடலை ஊடுருவிக் காட்டும் கதிரும் இல்லை. வெப்பமானியைக் கட்டிலருகே வழக்கமாகப் பயன்படுத்தும் முறையும் பரவவில்லை. ஆகவே, நோயாளி வாயாற் கூறுவதையே தாளில் எழுதி அனுப்பினால் வைத்தியருக்குக் கிடைக்கவேண்டிய செய்தியிற் பெரும்பகுதி கிடைத்துவிடும் என்று இரு சாராரும் எண்ணினர்.

எனினும், நோயாளி எழுதுவது முறையாக இருத்தல் வேண்டும் அன்றோ? சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் வாழ்ந்த சாமுவேல் ஒகுஸ்த் தீசோ என்னும் வைத்தியர் இதனை நன்கு உணர்ந்தவர். 1728ஆம் ஆண்டு பிறந்த இவர், 1761இல் பொதுமக்கள் தம் உடல்நலம் பேணுவதற்கான அறிவுரை நூல் ஒன்றைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். நாட்டுப்புறத்துக் குருமாரும் பள்ளியாசிரியரும் இரக்கமுள்ள நிலக்கிழாரும் தம்மயலில் உள்ள ஏழைகளுக்கு உதவுவதற்கென அது எழுதப்பட்டது. விரைவில் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அது பெயர்க்கப்பட்டது.

அந்நூலில், வைத்தியரின் ஆலோசனை நாடுவோர் விடைகூற வேண்டிய வினாக்களின் நிரல் ஒன்று உண்டு. நோயாளியின் வயது என்ன? முன்னர் நல்ல உடல்நலத்தோடு இருந்தாரா? எத்தகைய வாழ்க்கை நடத்துகிறார்? நோய் எப்போது, எவ்வாறு தொடங்கிற்று? காய்ச்சல் உண்டா? நாடி வன்மையானதா, மென்மையானதா? வலி எங்கே? தாகம், உறக்கம், மலசலம் ஆகியவற்றின் நிலை என்ன? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி வினாக்கள் இருந்தன. நோயாளியின் கலங்கிய மனத்தை ஒழுங்குபடுத்தி, வேண்டியதைக் கூறவும் வேண்டாததை விடவும் பழக்கிய வினாக்கள் இவை. தீசோவுக்கு வந்த கடிதங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை லொசானிலுள்ள நூலகம் ஒன்றிலே பேணப்பட்டுள்ளன.

கடித வைத்தியத்திற் பெயர்பெற்ற மற்றொருவர் வில்லியம் கலன். ஸ்கொத்லாந்தின் ஹாமில்டன் என்னும் ஊரில் 1710இற் பிறந்த இவர், கிளாஸ்கோவிலும் பின்னர் எடின்பரோவிலும் பேராசிரியராக விளங்கினார். பகலிற் கற்பித்தலும் நோயாளரைக் காண்டலும். எஞ்சிய வேளையிற் கடிதங்களுக்கு விடை எழுதல். இவ்வாறு முப்பதாண்டுகளுக்கு மேல் அவர் உழைத்தார். தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்ததோடு, தாம் அனுப்பிய விடைகளுக்கும் எழுத்தரைக்கொண்டு படி எடுத்து வைத்தார். நீராவி யந்திரத்தாற் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட், கடிதங்களைப் படியெடுக்கும் பொறி ஒன்றை 1780இல் அமைத்தார். கலன் மறு ஆண்டிலேயே அதனைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1790இல் அவர் காலமானார். அவருடைய கடிதத் தொகுதி எடின்பரோ வைத்தியர்களின் அரச கல்லூரியில் உள்ளது. போனதும் வந்ததுமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் அதில் அடங்கும்.

கலன் எழுதிய விடைகளில் மருந்துக் குறிப்புகள் உண்டு. குருதி வடித்தலும் கொப்புளம் எழுப்பும் பூச்சும் உண்டு. எனினும், அவற்றோடு ஒப்ப வாழ்க்கை முறை பற்றிய அறிவுரையும் அவற்றில் விரிவாக இடம்பெறும். எதை உண்பது, எவ்வளவு குடிப்பது, குளிர்காலத்தில் எவ்வாறு உடுப்பது, குதிரைமீது எத்துணைத் தூரம் செல்வது என்பனவெல்லாம் அங்கே கூறப்படும். பத்து நாள் கழித்துச் சேரும் கடிதம் அன்றைய காய்ச்சலை அன்றே தணிக்க மாட்டாது. ஆகவே, நாட்பட்ட நோய்களுக்கே இம்முறை பெரிதும் ஏற்றதாயிற்று. நாட்பட்ட நோய்க்கு நாட்பட்ட ஒழுக்கமே மருந்து என்பது அக்கால வைத்தியர் கொள்கையுமாயிற்று.

பாத் நகரத்து ஜோர்ஜ் செயின் என்பவரும் இக்கொள்கையினரே. ஒருகாலத்தில் அளவிறந்த உடற்பருமனால் வருந்திய அவர், பாலும் மரக்கறியும் உண்டு தம் உடலைத் திருத்திக்கொண்டார். பின்னர் தம் நண்பரும் நாவலாசிரியருமான சாமுவேல் றிச்சட்சனுக்குப் பல கடிதங்கள் எழுதி அவ்வழியையே வற்புறுத்தினார். அச்சகத்தை விட்டு அசையாத அந்நண்பருக்கு, வீட்டினுள்ளே ஏறி அமர்ந்து குதித்தாடும் வில்லாசனம் ஒன்றையும் அவர் பரிந்துரைத்தார். குதிரையேற முடியாதார்க்கு அதுவே குதிரை.

இனி, கடிதம் எழுதியோர் பக்கத்தைப் பார்ப்போம். 1734ஆம் ஆண்டில் இருபத்திரண்டு வயதே நிரம்பிய ஸ்கொத்திய இளைஞர் ஒருவர், வைத்தியர் ஒருவருக்கு நீண்ட கடிதம் ஒன்றை வரைந்தார். அளவுக்கு மிஞ்சிக் கற்றதால் அவர்தம் ஊக்கம் திடீரெனக் குன்றியது. கைவிரல்களிற் புள்ளிகள் தோன்றின. வாயில் உமிழ்நீர் மிகுதியாகச் சுரந்தது. அது கற்றோர்க்கு வரும் நோய் என்று உள்ளூர் வைத்தியர் கூறி, கசப்பு மருந்தும் மாத்திரைகளும் நாள்தோறும் திராட்சை மதுவும் குதிரைச் சவாரியும் விதித்தார். உடல் தேறியது, பருத்தும் போயிற்று. ஆனால் மனமோ ஒரு பொருளில் நிலைத்து நிற்க மறுத்தது. எண்ணங்கள் ஏட்டில் நிறைந்தும் அவற்றை நூலாகக் கோக்க இயலவில்லை. தம்மைப் போல் வருந்திய கற்றோரை அவ்வைத்தியர் கண்டதுண்டா, தாம் குணமடைவது சாலுமா, அதற்கு எத்துணைக் காலம் செல்லும் என்பனவே அவர் எழுப்பிய வினாக்கள்.

அவ்விளைஞர் டேவிட் ஹியூம். பிற்காலத்தில் மேலைநாட்டு மெய்யியலையே உலுக்கிய பேரறிஞர் அவர். கடிதத்திற் பெறுநர் பெயர் இல்லை. ஜோர்ஜ் செயின் என்பார் சிலர், ஜோன் ஆபத்நொட் என்பார் வேறு சிலர். அது தபாலிற் சேர்க்கப்பட்டதற்கும் சான்றில்லை. ஆயினும், சிதறிய தம் துன்பத்தை முதலும் நடுவும் முடிவுமாக ஒருமுறை ஒழுங்குற எழுதி முடித்த அவ்விளைஞர், ஐந்தாண்டுகளின் பின் 1739இல் மனித இயல்பு பற்றிய தம் பெருநூலின் முதற்பகுதிகளை வெளியிட்டார். அக்கடிதமே அவரைக் குணப்படுத்தியது என்று கூறுதல் மிகையாகும். எனினும், தன் நோயைத் தானே எடுத்துரைக்க முற்படுபவன் அதற்கு அப்பால் ஓரடி நகர்ந்து நிற்கிறான் என்பதை அக்கடிதத்தைப் படிப்போர் உணர்வர்.

ஆங்கில அகராதியை ஆக்கிய சாமுவேல் ஜோன்சனின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1783 யூன் 17ஆந் தேதி விடியுமுன் அவர் வாதத்தாற் பேச்சிழந்தார். மனம் தெளிவாய் உள்ளதா எனச் சோதிக்க, இலத்தீனில் ஒரு வேண்டுதற் செய்யுளை மனத்துள்ளே இயற்றிப் பார்த்தார். பின்னர் பேனாவை எடுத்து, அண்டை வீட்டாருக்கு உதவி வேண்டி எழுதினார். கை தவறான எழுத்துகளை வரைந்தபோதும் அவர் விடவில்லை. ஹெபடன், புரொக்கிள்ஸ்பி என்னும் வைத்தியர்கள் வந்தனர். சில நாட்களிற் பேச்சும் மெல்ல மீண்டது. வாயடைத்த வேளையில் அவருடைய நாவாக இருந்தது பேனாவே.

அடுத்த ஆண்டு அவரை மூச்சிரைப்பும் நீர்க்கோவையும் வருத்தின. அப்போது ஸ்கொத்லாந்தில் இருந்த அவர் நண்பர் ஜேம்ஸ் பொஸ்வெல், எடின்பரோவின் கலன், ஹோப், மன்றோ ஆகிய மூவருக்கும் நோயின் விவரத்தை எழுதி ஆலோசனை வேண்டினார். மூவரும் மதிப்புடன் விடையளித்தனர். ஆயினும், 1784 டிசம்பர் 13ஆந் தேதி ஜோன்சன் மறைந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது, சுருங்க வேண்டிய நுரையீரல் காற்றடைத்தபடி சுருங்காதிருந்தது, இருதயம் பெருத்திருந்தது, ஒரு சிறுநீரகம் அழிந்திருந்தது. எத்துணை நுட்பமாக எழுதப்பட்ட கடிதமாயினும் இவற்றைக் கூறியிருக்க இயலாது. நோயாளி உணர்வதை மட்டுமே கடிதம் அறியும். அவர் உணராததை அஃது அறியாது.

கடித வைத்தியத்துக்கு வேறு குறைகளும் இருந்தன. எழுதத் தெரிந்தோர்க்கும் வைத்தியருக்குரிய கட்டணத்தைக் கொடுக்கக் கூடியோர்க்குமே அது பயன்பட்டது. அன்றைய பிரித்தானியாவிலே தபாற் கூலி தூரத்தையும் தாள்களின் தொகையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுநரே அதைச் செலுத்தினார். மனைவியின் நோயைக் கணவர் எழுதும்போது, அவள் சொல்ல விரும்பியது எவ்வளவு, அவர் எழுதியது எவ்வளவு என யார் அறிவார்? உழைத்துண்ணும் ஏழை நோயுற்றால் அவன் குரல் எத்தாளிலும் ஏறவில்லை.

தீசோவின் நூல் வெளிவந்த 1761ஆம் ஆண்டிலேயே வேறு இரு நூல்களும் வெளிவந்தன. வியன்னாவில் லெயோபோல்ட் அவன்புறுக்கர் என்பார், நோயாளியின் மார்பை விரல்களாற் தட்டி, எழும் ஓசையால் உள்ளிருக்கும் நோயை அறியும் முறையை விளக்கினார். இத்தாலியின் பதுவாவில் ஜொவானி மோர்காஞ்ஞி, இறந்தோர் உடல்களைத் திறந்து நோய்களின் இருப்பிடங்களைக் காட்டினார். ஒரே ஆண்டில் தோன்றிய மூன்று நூல்களுள் ஒன்று நோயாளியின் சொல்லைச் செம்மைப்படுத்தியது. மற்றை இரண்டும் சொல்லுக்கு அப்பால் உள்ள உடலை நோக்கின. அவன்புறுக்கரின் முறையை அன்று மிகச் சிலரே பொருட்படுத்தினர். 1808இற் பாரிசில் கோர்விசார் அதனைப் பிரெஞ்சில் வெளியிட்ட பின்னரே அது பரவியது. 1816இல் லேனெக் நெஞ்சொலி கேட்குங் குழாயை அமைத்தார். அதன்பின் வைத்தியரின் செவி நோயாளியின் வாயை விட்டு நெஞ்சுக்கு இறங்கியது. காணாமற் கூறும் வைத்தியத்தின் மதிப்பும் படிப்படியாகக் குன்றியது.

இம்மாற்றத்தாற் காக்கப்பட்ட உயிர்கள் எண்ணிறந்தன. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் அறிவுடைமையாகாது. எனினும், அம்மாற்றத்தில் இழக்கப்பட்டதும் ஒன்றுண்டு. பழைய கடிதங்களில் நோயாளி தம் வாழ்வு முழுவதையும் கூறினார். வைத்தியர் அதனைப் பொறுமையோடு இறுதிவரை படித்தார். இடையிற் குறுக்கிட்டு நிறுத்தும் வழி அவருக்கு இருக்கவில்லை.

இன்று தொலைபேசியும் மின்திரையும் வந்தபின், தொலைவிலுள்ள வைத்தியரிடம் ஆலோசனை பெறுதல் மீண்டும் வழக்கமாகியுள்ளது. வைத்தியசாலைக்குச் செல்வோரும் தீசோவின் வினாக்களை ஒத்த சிறு குறிப்பு ஒன்றை முன்னரே எழுதிச் சென்றால், சொல்ல மறந்தோம் என்று வீடு திரும்பிய பின் வருந்த நேராது. கருவி காட்டுவது ஒரு பாதி. நோயுற்றவர் கூறுவது மறுபாதி. முன்னோர் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு அரும்பாடுபட்டனர். இரண்டையும் பெற்ற இக்காலத்தார் அவற்றுள் ஒன்றையேனும் கைவிடலாகாது.