டிக்கெட்டில் மூன்றரை மணி, உடம்புக்குப் பதினாறு மணி
(திருத்தணியில் உம்ரா பயணிகளுக்கான வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





1995 வரை இந்திய ஹாஜிகள் மும்பையிலிருந்து கப்பலிலும் போனார்கள். பல நாள் கடல் பயணம் என்று தெரிந்ததால், அதற்கேற்ற தயாரிப்போடு புறப்பட்டார்கள். இன்று விமானம் என்றதும், "ஏறினால் இறங்கிவிடலாம்" என்று நினைத்துவிடுகிறோம். வயதானவர்கள் சிரமப்படுவது இதனால்தான்.

சென்னையிலிருந்து ஜித்தா வான்வழியில் சுமார் 4,450 கிலோமீட்டர். நேர் விமானம் ஏறக்குறைய 6 மணி நேரம் பறக்கும். சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தையே போடுவார்கள். மதியம் 3 மணிக்குப் புறப்பட்டால் மாலை 6.30க்கு இறங்குவதாக இருக்கும். பார்த்தால் மூன்றரை மணி நேரம். உட்கார்ந்திருப்பதோ ஆறு மணி நேரம்.

வீட்டிலிருந்து கணக்குப் போடுவோம். ரேணிகுண்டா விமான நிலையம் நமக்குப் பக்கம்தான். ஆனால் அங்கிருந்து ஜித்தாவுக்கு நேர் விமானம் இல்லை. சென்னைக்குத்தான் போக வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டுமென்றால், காலை 9 மணிக்கே திருத்தணியை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆடிக் கிருத்திகை நாட்களில் காவடிக் கூட்டம் நிறைந்திருக்கும். இன்னும் முன்னதாகவே கிளம்புங்கள். ஜித்தாவில் இறங்கிய பின் பாஸ்போர்ட் சோதனைக்கும் பெட்டி எடுக்கவும் இரண்டு மணி, மக்காவுக்குப் பேருந்தில் இரண்டு மணி என்று வையுங்கள். அறைக்குப் போகும்போது நம் ஊரில் இரவு 1 மணி. மொத்தம் பதினாறு மணி நேரம்!

ஆகவே சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை எந்த நேரத்தில் போடுவது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம். விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

இன்னொன்று. நேராக மக்கா போகிறவர்களுக்கு மீகாத் எல்லை வானிலேயே வந்துவிடும். ஜித்தாவில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. குளித்து இஹ்ராம் உடையோடு ஏறுங்கள். விமானத்தில் அறிவிப்புச் செய்யும்போது தூங்கிவிடாமல் நிய்யத் செய்து தல்பியா சொல்லுங்கள்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். ஐந்தரை மணி நேரப் பறப்பு, டிக்கெட்டில் எட்டு மணி போலத் தெரியும். இரவு 10க்கு ஏறினால் மறுநாள் காலை 6க்குத்தான் சென்னை. அழைத்துவரப் போகும் பிள்ளைகள் தேதியைச் சரியாகப் பாருங்கள்.

நம் பெரியவர்கள் களைப்பின்றிப் போய், ஆரோக்கியத்தோடு வீடு திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக. அவர்களுடைய உம்ராவை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.