ஆள் போனாலும் வேலை நிற்காமல்...
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி வேணு பாப்புவின் கனவு. அது முடியும் முன்பே, 1982 ஆகஸ்டில், அவர் காலமாகிவிட்டார். வேலை நின்றதா? இல்லை. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரில், வானியற்பியல் நிறுவனத்தின் சொந்தப் பட்டறையில். இயந்திர பாகங்கள் வால்சந்த்நகரில். ஜே.சி.பட்டாச்சார்யா பொறுப்பேற்றார். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்து வைத்து, பாப்புவின் பெயரையே சூட்டினார்கள். தலைவர் போனார், கைவேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

என் கதை வேறு. எங்கள் குழுவில் பி.எல்.சி. புரோகிராம் தெரிந்தவர் ஒரே ஒருவர். நல்ல சம்பளம் வந்தது, போய்விட்டார். மெஷினைச் சுற்றி எட்டுப் பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அவர்மேல் தப்பில்லீங்க, ஆள் போட்டவன் நான்.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன். வேலைக்கு ஒரு வரி. தனியாகச் செய்யத் தெரிந்தவர் யார், கூட இருந்தால் செய்பவர் யார் என்று எழுதினேன். ஒரே பெயர் உள்ள வரியில் சிவப்பு மை. அங்கே இரண்டாம் ஆள் வாரம் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பழகணும். பழகிவிட்டாரா என்று பார்க்க, முதல் ஆளை ஒரு வாரம் லீவில் அனுப்புவேன். ஃபோன் பண்ணக் கூடாது! மேலதிகாரிக்கு இது வீண்செலவு. சண்டை போட்டுத்தான் வாங்கினேன்.

இன்னும் இரண்டு வரி சிவப்பாகவே இருக்கிறது. ஒன்றில் என் பெயர். அதற்குப் போன மாதம் ஒரு ஜூனியரை உட்கார வைத்திருக்கிறேன்.