நடக்கிற தூரத்தில் நியாயமான வாடகை

பள்ளிக்கூடம், மளிகைக்கடை, ரயில் நிலையம் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தால் வாடகை எகிறிவிடும் என்பதுதான் நகரவாசிகளின் அனுபவம். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா இதை மாற்றிக் காட்டியது.

1923-இல் அந்த மாநகராட்சி வீடுகளுக்குத் தனி வரி போட்டது. சொகுசு மாளிகைகளுக்கு அதிகம். சிறு குடித்தனங்களுக்குச் சொற்பம். அந்தப் பணத்தைக் கொண்டு 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வாடகை வீடுகள் எழுந்தன.

அவற்றில் பேர்போனது, 1930-இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குடியிருப்பு, 1,382 வீடுகள். வளாகத்துக்குள்ளேயே மழலையர் பள்ளி, நூலகம், சலவைக்கூடம், குளியல் கூடம், கடைகள். எதிரிலேயே ரயில் நிலையம்!

இன்றும் சுமார் 2,20,000 வீடுகளை வியன்னா மாநகராட்சியே வாடகைக்கு விடுகிறது. சாதாரணச் சம்பளக்காரர்களும் அங்கே நகரத்துக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். அதற்கு வித்திட்டது நூறாண்டுக்கு முன் துணிந்து போட்ட அந்த வரி.