ஒலிக்கும் வரிக்கும் இடையே: டிஸ்லெக்சியாவும் தமிழ் வகுப்பும்



நம் இலக்கண மரபில் 'எழுத்து' என்னும் சொல் இரண்டைக் குறிக்கும். காதால் கேட்கும் ஒலிவடிவமும் எழுத்து. கண்ணால் காணும் வரிவடிவமும் எழுத்து. படிக்கத் தெரிந்தவர்க்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும். 'க' என்னும் வரியைக் கண்டதும் அதன் ஒலி தானாகவே நாவில் எழுகிறது. சில பிள்ளைகளுக்கு அது தானாக எழுவதில்லை. அப்பிள்ளைகளைப் பற்றியும், அவர்களுக்காகத் தமிழாசிரியர்களாகிய நாம் செய்ய வேண்டியதைப் பற்றியும் இன்று பேச விழைகிறேன்.

நான் தவறிய இடம்

பல ஆண்டுகளுக்கு முன், தொடக்கநிலை மூன்றில் என்னிடம் ஒரு மாணவன் பயின்றான். படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னால் வகுப்பே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாடநூலைக் கையில் கொடுத்தாலோ முதல் வரியிலேயே நின்றுவிடுவான். சொல்வதெழுதுதலில் 'குடை' என்றால் 'கூடை' என்றோ 'கடை' என்றோ எழுதுவான். அடுத்த வாரம் வேறு விதமாக எழுதுவான். அவனுடைய தாயாரை அழைத்து, "வீட்டில் தமிழ் பேசுங்கள்" என்று அறிவுரை கூறினேன். "வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் டீச்சர்" என்றார் அவர். நான் நம்பவில்லை. பிழைபட்ட சொற்களைப் பத்துப் பத்து முறை எழுதிவரச் சொன்னேன். அவனும் எழுதி வந்தான். மறுநாள் அச்சொற்கள் அவனுக்குப் புதியனவாகவே இருந்தன.

ஒரு நாள் அவன் ஒரு பாடத்தைத் தங்குதடையின்றி வாசித்தான். மகிழ்ச்சியோடு அருகில் சென்று பார்த்தேன். அவன் திறந்து வைத்திருந்தது வேறொரு பக்கம்! முதல் நாள் வகுப்புத் தோழி வாசித்ததைக் கேட்டு, அதை அப்படியே மனத்தில் பதித்து ஒப்பித்திருக்கிறான். அந்த நினைவாற்றலை நான் வியந்திருக்க வேண்டும். மாறாக, ஏமாற்றுகிறான் என்று கடிந்துகொண்டேன்.

மறு ஆண்டு ஆங்கில ஆசிரியரின் முயற்சியால் மதிப்பீடு நடந்தது. அவனுக்கு டிஸ்லெக்சியா இருப்பது தெரியவந்தது. அந்த அறிக்கைக்காக என்னிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. நானாகவும் ஒரு வரி எழுதித் தரவில்லை. தமிழில் அவன் பட்ட பாடு எங்கும் பதிவாகவே இல்லை.

டிஸ்லெக்சியா என்பது என்ன?

அது அறிவுக்குறை அன்று, கண்பார்வைக் கோளாறும் அன்று, சோம்பலும் அன்று. சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்துணர்ந்து, அவற்றை வரிவடிவத்தோடு விரைந்து இணைப்பதில் உள்ள இடர்ப்பாடு அது. பல குடும்பங்களில் தலைமுறைதோறும் தொடர்வது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது உண்டு என்பது பரவலாக வழங்கும் மதிப்பீடு. அவ்வாறெனில் முப்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கக்கூடும்.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். கூர்மையான அறிவுடைய அச்சிறுவனால் எளிய சொற்களையும் படிக்க இயலவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மார்கன் பதிவு செய்துள்ளார். அதைப் படித்தபோது என் மாணவன்தான் என் கண்முன் நின்றான்.

தமிழில் அதன் அடையாளங்கள்

"தமிழில் எழுதியபடியே வாசிக்கலாம், ஆகவே இச்சிக்கல் தமிழில் எழாது" என்று சிலர் எண்ணுகின்றனர். ஜெர்மன் மொழியும் பெரும்பாலும் எழுதியபடி வாசிக்கப்படுவதே. அம்மொழியில் பயிலும் ஆஸ்திரியச் சிறாரை ஆராய்ந்த ஹைன்ஸ் விம்மர், அவர்களிடம் இவ்விடர்ப்பாடு பிழையாக அன்றி, பெரிதும் வேகக் குறைவாகவே வெளிப்படுவதைக் கண்டார். எனவே பிழைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், சரியாக, ஆனால் மிக மெதுவாக வாசிக்கும் பிள்ளையை நாம் கவனிக்கத் தவறிவிடுவோம்.

தமிழுக்கே உரிய கடினங்களும் உள. 'கெ' என்பதில் ஒலி பின்னால் வருகிறது. கொம்போ முன்னால் நிற்கிறது. 'கொ' என்பதில் ஓர் உயிரொலிக்கு உரிய குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. கு, சு, டு, து என உகரக் குறி எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. கல், பகல், தங்கம் ஆகிய மூன்றிலும் ககர ஒலி ஒன்றன்று. ல, ள, ழ வேறுபாட்டையும் ன, ண, ந வேறுபாட்டையும் சொல்லவே வேண்டியதில்லை. இவற்றோடு, பேசுவது "போறேன்", எழுதுவது "போகிறேன்" என்னும் இரட்டை வழக்கும் சேர்கிறது.

வீட்டில் தமிழ் கேளாத பிள்ளையையும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையையும் பிரித்தறிய ஓர் எளிய வழியைச் சொல்கிறேன். பாடத்தை நீங்களே வாசித்துக் காட்டிவிட்டு, வாய்மொழியாகக் கேள்வி கேளுங்கள். தமிழ்ப் பழக்கம் குறைந்த பிள்ளைக்குக் கேட்டாலும் பொருள் விளங்குவது அரிது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையோ, மொழி பழகியிருந்தால், கேட்டதும் விடை சொல்லும், படிக்கத்தான் இயலாது. இரண்டு சிக்கல்களும் ஒருசேர உள்ள பிள்ளைகளும் உண்டு. ஆதலால் இது முடிவன்று. ஐயத்தின் தொடக்கம் மட்டுமே. ஆங்கிலத்திலும் அதே தடுமாற்றம் உண்டா என்று ஆங்கில ஆசிரியரிடம் கேட்பதே அடுத்த படி.

மதிப்பீட்டிற்கான வழி

சிங்கப்பூரில் இதற்கான வழி தெளிவாகவே உள்ளது. தொடக்கநிலை ஒன்றின் தொடக்கத்திலேயே பிள்ளைகளின் ஆங்கில எழுத்தறிவு சோதிக்கப்பட்டு, தேவைப்படுவோர் கற்றல் ஆதரவுத் திட்டத்தில் சேர்க்கப்படுகின்றனர். தொடக்கநிலை மூன்று, நான்கு மாணவர்க்கு உரிய பள்ளிசார் டிஸ்லெக்சியா ஆதரவுத் திட்டம் 2012இல் இருபது பள்ளிகளில் தொடங்கி, 2016க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. 1991இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கமும் மதிப்பீட்டையும் சிறப்பு வகுப்புகளையும் நடத்திவருகிறது.

பெற்றோர் முதலில் பிள்ளையின் பார்வையையும் செவித்திறனையும் சோதித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வகுப்பாசிரியரையும் பள்ளியின் சிறப்புத் தேவை அதிகாரியையும் அணுகலாம். கல்வி உளவியலாளர் பிள்ளையின் சிந்தனைத் திறன், வாசிப்பு, எழுத்துக்கூட்டல், ஒலியுணர்வு, நினைவாற்றல் ஆகியவற்றைச் சோதித்து, குடும்ப வரலாற்றையும் கேட்டறிந்து அறிக்கை அளிப்பார். அந்த அறிக்கையைக் கொண்டு, தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளியின்வழி விண்ணப்பிக்கலாம்.

இங்கே தமிழாசிரியரின் கடமை ஒன்று உண்டு. இம்மதிப்பீடு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. தமிழில் அப்பிள்ளையின் நிலையை அறிந்த சாட்சி நாம்தான். தேதியிட்ட மூன்று நான்கு எழுத்துப் படிகள், ஒரு பத்தியை வாசிக்க எடுத்துக்கொண்ட நேரம், வாய்மொழித் திறன் பற்றிய இரண்டு வரிகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள். அன்று நான் கொடுக்கத் தவறியது அந்த ஒரு தாளைத்தான்.

வகுப்பில் செய்யக்கூடியவை

அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒலியிலிருந்து தொடங்குங்கள்: முதலில் 'க்' என்னும் ஒலி, பிறகு 'ஒ' என்னும் ஒலி, இரண்டையும் சேர்த்துச் சொல்லியபின் 'கொ' என்னும் வடிவம். சொல்லிக்கொண்டே விரலால் எழுதிப் பழகட்டும். ஒரு வாரத்திற்கு ஓர் உயிர்க்குறி போதும். முன்னறிவிப்பின்றி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். பகுதியை முதல் நாளே கொடுத்தனுப்புங்கள். கட்டுரையில் கருத்துக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுங்கள். பத்து முறை எழுதும் தண்டனையை அறவே விட்டுவிடுங்கள்.

விலக்கு பற்றி

கடுமையான இடர்ப்பாடு உள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்கு அளிக்கப்படுவதும் உண்டு. சிலருக்கு அது இன்றியமையாதது. அதைக் கோரும் பெற்றோரைக் குறை கூற மாட்டேன். ஆயினும் அது கடைசிக் கதவாக இருக்கட்டும். என் மாணவனுக்கும் விலக்கு கிடைத்தது. அவன் பெற்றோர் ஓராண்டு முழுவதும் தயங்கிய பின்னரே அதைக் கேட்டனர். அதற்குள் தமிழ் வகுப்பு அவனுக்கு அச்சம் தரும் இடமாகிவிட்டிருந்தது. அப்படி ஆக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. எல்லாரையும்விட அழகாகத் தமிழில் கதை சொன்ன பிள்ளை, தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தில் நூலகத்தில் தனியே அமர்ந்திருந்ததை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அவன் தாயார் அறிக்கையைப் பெற்ற நாளில் என்னிடம் சொன்னார்: "என் மகன் முட்டாள் இல்லைன்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்துட்டாங்க டீச்சர்." அதை எழுதிக் கொடுக்க உளவியலாளர் தேவைப்பட்டார். அதைச் சொல்வதற்கு நானே போதுமாயிருந்தேன், சொல்லத்தான் தவறிவிட்டேன்.

ஆசிரியப் பெருமக்களே, ஆசிரியப் பணிக்கு ஆயத்தமாகும் மாணவர்களே! நாளை உங்கள் வகுப்பில் நன்கு பேசியும் படிக்கத் தடுமாறும் பிள்ளை ஒன்று இருந்தால், அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரமே சிறப்புத் தேவை அதிகாரியிடம் பேசுங்கள்.